பரம்பிக்குளம் அணையும் காடும்: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடருக்குள், இரண்டு மாநில வனத்துறைகளின் சோதனைச் சாவடிகளைத் தாண்டிய பிறகே கண்ணில் படும் நீர்த்தேக்கம் பரம்பிக்குளம். போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் ரூபாய்க் கணக்கு எதுவும் தரவில்லை. கிளம்பும் வாரத்தில் வனத்துறையிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரம்பிக்குளம் தமிழ்நாட்டில் இருக்கிறதா, கேரளத்தில் இருக்கிறதா?

நிலம் கேரளத்துடையது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சி. அணையைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாடு நீர்வளத் துறை. காட்டைக் காப்பது கேரள வனத்துறை. அங்கே போகும் தார்ச் சாலையோ தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் வழியாக, சேத்துமடையிலிருந்து டாப்சிலிப் ஏறிச் செல்கிறது. பரம்பிக்குளத்தில் குடியிருப்பவர் தன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டுமானாலும் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். தங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஒரு வழி வேண்டும் என்பது அங்குள்ள மக்களின் நெடுநாள் கோரிக்கை.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சேத்துமடையில் வாங்கும் சீட்டு பரம்பிக்குளத்துக்குச் செல்லாது. பரம்பிக்குளத்துக்கு முன்பதிவு செய்திருந்தாலும் சேத்துமடையில் நுழைவுக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். "ஏற்கனவே பணம் கட்டிவிட்டோமே" என்று சாவடியில் வாக்குவாதம் செய்வோரை எல்லா விடுமுறை நாளிலும் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு அரசுகளின் கணக்கு.

நினைத்தபோது ஏன் போக முடியாது?

இது புலிகள் காப்பகம். 1973-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2010-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு 643.66 சதுர கிலோமீட்டர். அதில் 390.89 உள்வட்டம், மீதி வெளிவட்டம். கிழக்கே ஆனைமலை புலிகள் காப்பகம் ஒட்டியே இருப்பதால் யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை கிடையாது. ஒரு நாளைக்கு உள்ளே விடும் வாகனங்களுக்கு வரம்பு உண்டு. அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால் சென்னையிலிருந்து வந்தவரானாலும் சேத்துமடைக்காரரானாலும் திரும்பத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இது கொங்கு வட்டாரத்தின் தண்ணீர்த் தொட்டி. அணை, மதகு, சுரங்க வாய் எல்லாம் பாதுகாக்கப்பட்ட பகுதிகள்.

எந்த வழியாகப் போவது?

பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப், ஆனப்பாடி, தூணக்கடவு, பரம்பிக்குளம். இதே வரிசைதான், வேறு பொதுவழி இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து வந்தாலும் பொள்ளாச்சிப் பக்கம் வந்துதான் ஏற வேண்டும். அது நூறு கிலோமீட்டரைத் தொடும்.

தூரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். சேத்துமடைச் சாவடியில் வண்டியைச் சோதித்து நெகிழிப் பைகளையும் மதுப்புட்டிகளையும் எடுத்துவிடுவார்கள். மலைப்பாதை குறுகலானது. ஆனப்பாடியில் கேரள வனத்துறையிடம் மறுபடி பதிவு. உள்ளே வேகக் கட்டுப்பாடு உண்டு, வழியில் விலங்கு நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து விடியும்போதே கிளம்பி, சாவடி திறக்கும் நேரத்துக்குச் சேத்துமடையில் நிற்பதே சரி. பிற்பகலில் ஆனப்பாடிக்குப் போய்ச் சேர்ந்தால், வரம்பு நிரம்பாவிட்டாலும், பார்த்துவிட்டுத் திரும்ப நேரம் இருக்காது. இருட்டிய பிறகு மலைப்பாதையில் போக்குவரத்து கிடையாது.

பைக்கில் போகலாமா? சொந்தக் காரில்?

பைக் கிடையாது. ஒற்றை யானையோ கன்று ஈன்ற காட்டுமாடோ எதிரில் வந்தால் இருசக்கர வாகனத்தில் இருப்பவருக்கு எந்த மறைவும் இல்லை. இந்தத் தடையில் விலக்குக் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சொந்தக் காரில் போகலாம், ஆனால் ஆனப்பாடியில் வனத்துறை தரும் வழிகாட்டி ஒருவர் உங்களுடன் வருவார். காரில் அவருக்கு ஓர் இருக்கை காலியாக இருக்க வேண்டும். ஐந்து பேர் அமரும் காரில் ஐந்து பேராக வந்து, ஒருவரை ஆனப்பாடியில் உட்கார வைத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு. நான்கு பேராகவே கிளம்புங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு வனத்துறையின் சிற்றுந்துச் சவாரி இருக்கிறது. தூணக்கடவு, கன்னிமரா தேக்கு, பரம்பிக்குளம் அணை என்று சுற்றிக்காட்டி அழைத்து வர அரை நாள் ஆகும். எங்கள் கணிப்பில் முதல் தடவை போகிறவர்களுக்கு இதுவே நல்லது. ஓட்டுநருக்கு எந்த வளைவில் எது நிற்கும் என்று தெரியும், சிற்றுந்தின் உயரமும் கூடுதல். காரிலிருந்து தெரியாத பள்ளத்துப் புல்வெளி சிற்றுந்தின் சன்னலில் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து தமிழக அரசுப் பேருந்தும் பாலக்காட்டிலிருந்து கேரள அரசுப் பேருந்தும் பரம்பிக்குளம் வரை போகின்றன. அவை அங்கே வாழும் மக்களுக்கான பேருந்துகள். காய்கறி, அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். நடுவழியில் இறங்கிக் காட்டைச் சுற்றிப் பார்க்க முடியாது.

எந்த மாதம் போவது நல்லது?

என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "அக்டோபர் முதல் மார்ச் வரை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆறு மாதமும் ஒன்றுபோல இருப்பதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஓடைகள் பாயும், தேக்கு பூத்திருக்கும், அட்டை நிறைய. சாலையில் மரம் விழுந்து வழி அடைபடலாம், மழை கடுமையானால் காப்பகத்தை மூடிவிடுவார்கள். பெரிய விலங்குகள் சிதறி இருக்கும். எங்கும் புல்லும் நீரும் கிடைப்பதால் அவை அணைக்கரைக்கு வரத் தேவையில்லை.

அக்டோபர், நவம்பரில் அணை பெரும்பாலும் நிறைந்திருக்கும். நீர்ப்பரப்பும் அதற்குப் பின்னால் மலைகளும் கண் நிறைய வேண்டுமென்றால் இதுதான் காலம். ஆனால் நீர் மரங்களின் காலடி வரை ஏறி நிற்பதால் கரையே இருக்காது. விலங்கு பார்க்க வந்தவர்கள் ஏமாறுவது இந்த மாதங்களில்தான்.

ஜனவரிக்குப் பிறகு பாசனத்துக்கு நீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். நீர் விலகிய சேற்றுப் படுகையில் சில வாரங்களில் இளம்புல் முளைக்கும். மேலே தேக்குக் காடு இலையுதிர்த்துக் காய்ந்து கிடக்க, கீழே அணையைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்று உருவாகும். காட்டுமாடுகளும் புள்ளிமான்களும் மாலையில் கூட்டமாக அங்கே இறங்கும், அவற்றைத் தேடிச் செந்நாயும் வரும். படுகையில் குளம்புத் தடங்கள் வரிவரியாக நீரை நோக்கிப் போவதைப் பார்க்கலாம். விலங்குகளைப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை.

ஆனால் அதே வறட்சியில்தான் காட்டுத் தீயின் ஆபத்தும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை எந்த வாரமும் காப்பகம் மூடப்படலாம். விலங்குக் கணக்கெடுப்புக்காகவும் மூடுவதுண்டு. ஆகவே அந்தக் காலத்தில் திரும்பப் பெற முடியாத விடுதி முன்பணம் எதையும் கட்டாதீர்கள்.

ஏப்ரலிலிருந்து கோடை மழை விழத் தொடங்கும்போது டாப்சிலிப் பக்கத்து உலாந்தி வனச்சரகத்தில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணைவது 2022-இல் பரவலாகப் பேசப்பட்டது. அதைப் பார்க்க இரவில் காட்டுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. அனுமதியில்லாமல் அழைத்துப் போவதாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

தங்க முடியுமா, ஒரே நாளில் திரும்பிவிடலாமா?

ஒரே நாளில் திரும்பலாம். ஆனால் உச்சி வெயிலில் காட்டைப் பார்த்ததாகத்தான் இருக்கும். தங்கினால் மாலையும் விடியலும் கிடைக்கும். ஆனப்பாடியில் கூடாரக் குடில்கள், தூணக்கடவில் மர வீடு, நீர்த்தேக்கத்தின் நடுவே வீட்டிக்குன்றுத் தீவில் ஒரு குடில் எனக் கேரள வனத்துறையின் தங்குமிடங்கள் உள்ளன. எல்லாம் முன்பதிவில்தான். சனி, ஞாயிறுகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். தனியார் விடுதி உள்ளே இல்லை. காப்பகத்துக்குள் அறை இருப்பதாக இணையத்தில் யாராவது விளம்பரம் செய்தால், பெரும்பாலும் அது சேத்துமடைப் பக்கத்துத் தோட்ட வீடாக இருக்கும்.

தண்ணீரில் இறங்கலாமா? குளிக்க, மீன் பிடிக்க?

கூடாது. வனத்துறையின் கெடுபிடி என்று நினைத்து மீறுகிறவர்கள் இருப்பதால் காரணங்களை விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது ஆழம். இது குளம்போல மெல்லச் சரியும் கரை இல்லை. மலைப் பள்ளத்தாக்கை அணை கட்டி மறித்து நீரைத் தேக்கியிருக்கிறார்கள். முழங்கால் அளவு நீரில் நிற்பவருக்கு அடுத்த இரண்டு எட்டில் பழைய பள்ளத்தாக்கின் சரிவு தொடங்கலாம். மேலே பார்த்தால் நீர் ஒரே நிறம், ஒரே அமைதி.

இரண்டாவது, மட்டம் இறங்கிய காலத்துச் சேறு. மேல்தோல் காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே களி. கால் வைத்தால் தொடை வரை இழுத்துக்கொள்ளும். மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளும் அங்கங்கே உண்டு.

மூன்றாவது முதலை. இந்த நீர்த்தேக்கங்களில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன. பாறைமேல் வெயில் காயும் முதலை கண்ணுக்குத் தெரியும், ஆபத்தானது நீருக்குள் கிடப்பது.

நான்காவது, சுரங்க வாய். பரம்பிக்குளத்து நீர் சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்குப் போகிறது. நீர் எடுக்கும் நேரத்தில் வாய்ப்பகுதியில் உள்ளிழுப்பு இருக்கும், நீர்ப்பரப்பில் அதன் அடையாளம் தெரியாது.

தூண்டில் போடவும் பார்வையாளருக்கு அனுமதியில்லை. இங்கே மீன் பிடிப்பது பழங்குடி மக்களின் பிழைப்பு. நீரின் மேல் போக ஆசை இருந்தால் வனத்துறையின் மூங்கில் தெப்பச் சவாரி உண்டு. துடுப்பு வலிப்பவர்களும் உள்ளூர்ப் பழங்குடியினர். உயிர்காப்புச் சட்டையை வெயில் புழுக்கத்தில் கழற்றிவிடாதீர்கள்.

"72 அடி" என்று செய்தித்தாளில் போடுகிறார்களே, அணை அவ்வளவு சிறியதா?

அது அணையின் உயரம் அல்ல. நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோலில் முழுக் கொள்ளளவுக்கான குறி. அணையின் மொத்த உயரம் இதைவிடப் பல மடங்கு. நிரம்பினால் பரம்பிக்குளம் கொள்ளும் நீர் 17.82 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். பி.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் மிகப் பெரிய தேக்கம் இதுதான்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

நீராறு அணைகளின் நீர் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டின் சோலையாறு அணைக்கு வரும். சோலையாற்றிலிருந்து மின்நிலையம் வழியாகப் பரம்பிக்குளத்துக்கு இறங்கும். பரம்பிக்குளத்திலிருந்து சுரங்கத்தில் தூணக்கடவு. தூணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை, இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கும். தூணக்கடவிலிருந்து மீண்டும் சுரங்கம், அதன் முடிவில் மலையடிவாரத்துச் சர்க்கார்பதி மின்நிலையம். அங்கே மின்சாரம் எடுத்தபின் பெரும்பங்கு நீர் காண்டூர் கால்வாயில் ஏறி, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு சுமார் 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணையில் விழுகிறது. இயல்பாக மேற்கே பாய்ந்து சாலக்குடி ஆறாகி அரபிக் கடலுக்குப் போக வேண்டிய நீர் இப்படிக் கிழக்கே திரும்பி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தென்னைக்கும் மக்காச்சோளத்துக்கும் பாய்கிறது. திருமூர்த்தி அணையின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், மட்டும் 3.77 லட்சம் ஏக்கர். நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து நீர் விடுகிறார்கள். தன் மண்டலத்துக்கு முறை வரும்வரை கடைமடை விவசாயி காத்திருக்க வேண்டும். பரம்பிக்குளம் 72 அடியைத் தொட்டதா என்று அவர் தினமும் செய்தித்தாள் பார்ப்பது அதனால்தான்.

இரு மாநில ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் மணக்கடவு தடுப்பணையில் 7.25 டி.எம்.சி.யும் கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி.யும் கேரளத்துக்குத் தர வேண்டும். அணைமேல் நிற்கும்போது எதிரே தெரியும் காடுதான் இந்தக் கணக்கு முழுவதையும் தாங்குகிறது. சோலையும் புல்லும் மழையைப் பிடித்து மெல்ல விடாவிட்டால், நான்கு மாத மழை நான்கு மாதத்திலேயே வண்டலோடு இறங்கித் தீர்ந்துவிடும். காட்டுக்குள் போடப்படும் கட்டுப்பாடுகளைக் காங்கேயத்து விவசாயி தன் வயலுக்கான காவலாகப் பார்க்கலாம்.

2022-இல் மதகு உடைந்ததே, என்ன ஆயிற்று?

செப்டம்பர் 21 அதிகாலை, அணை நிறைந்திருந்த வேளையில், மூன்று மதகுகளில் நடுவில் உள்ளது பெயர்ந்தது. மதகைத் தூக்கி இறக்கும் எதிர்ப்பாரத்தின் சங்கிலி அறுந்ததுதான் காரணம். நொடிக்கு ஏறக்குறைய 20,000 கன அடி நீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. ஆற்றோரம் எச்சரிக்கை விடுத்து மக்களை விழிப்போடு வைத்திருந்தார்கள். நீர்மட்டம் மதகின் அடிவரை இறங்கிய பிறகே புது மதகு பொருத்த முடிந்தது, அதற்குள் பாசனத்துக்கான பல டி.எம்.சி. கடலுக்குப் போயிற்று. சங்கிலி, கம்பி வடம் போன்ற கண்ணில் படாத உறுப்புகளின் பராமரிப்பை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

புலியைப் பார்க்க முடியுமா?

புலி இருக்கிறது. பார்ப்போம் என்று நம்பிப் போகாதீர்கள். மரம் அடர்ந்த ஈரக்காடு இது. பத்தடி உள்ளே புலி படுத்திருந்தாலும் தெரியாது. புலிக்காக வழிகாட்டியை நச்சரிக்கும் குழு மற்ற எல்லாவற்றையும் தவறவிடும்.

நிச்சயம் என்று சொல்லத்தக்கவை காட்டுமாடு, புள்ளிமான், மிளா, கருமந்தி, மலை அணில். யானை பெரும்பாலும். செந்நாய் வாய்த்தால் உண்டு. அவை கூட்டமாகச் சாலையைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி அமைதியாக இருந்தால் கடைசிக் குட்டிவரை பார்க்கலாம். தூணக்கடவு நீரோரத்தில் நீர்நாய்க் குடும்பம் தலை தூக்கி மீன் கடித்துக்கொண்டிருக்கும். தேக்கு மரத்தின் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பறக்கும் ஓணானைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சாண் நீளம், பட்டையின் அதே சாம்பல் நிறம். தொண்டையிலிருந்து மஞ்சள் மடல் ஒன்று சட்டென விரிந்து மடியும்போதுதான் அங்கே ஓர் உயிர் இருப்பதே தெரியும். பிறகு விலாவின் தோலை விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போய்விடும்.

பறவைகளைப் பார்க்க வருகிறோம். எங்கே, எப்போது?

காலை பத்து மணிக்குள். நீரோரத்துப் பட்டமரங்களில் பாம்புத்தாரா, நீர்க்காகம், சாம்பல்தலை மீன்கழுகு. உயர்ந்த மரங்களில் மலை இருவாச்சி. அதன் இறகடிப்பு ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல முதலில் காதில் விழும், பிறகுதான் பறவை தெரியும். மலபார் சாம்பல் இருவாச்சியின் குரல் கரகரத்த சிரிப்பு. அத்தி பழுத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் எதிரே அரை மணி நேரம் நிற்பது, இருபது கிலோமீட்டர் சுற்றுவதைவிடப் பலன் தரும்.

நீர் விலகிய கல்லாங்கரையில் ஆள்காட்டி முட்டையிடும். கல்லோடு கல்லாகத் தெரியும் முட்டையை மிதித்துவிடுவது எளிது என்பதால் வழிகாட்டி காட்டிய தடத்தை விட்டு இறங்காதீர்கள். 1930-களில் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலி தங்கிய குரியார்குட்டி இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது.

சாலையில் யானை நின்றால் என்ன செய்வது?

தூரத்திலேயே நிறுத்துங்கள். ஐம்பது மீட்டர் இடைவெளி குறைந்தபட்சம். ஒலிப்பான் அடிக்காதீர்கள், முகப்பு விளக்கை அடித்துக் காட்டாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள். வளைவில் நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதுவார், யானையும் உங்களைத் திடீரெனப் பார்க்கும். கொஞ்சம் பின்னால் எடுத்து, நேர்ப்பாதையில் நிறுத்துங்கள்.

காது விசிறிக்கொண்டு மேய்ந்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது. காதை விரித்து நிறுத்தி, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்து, மண்ணைக் காலால் தள்ளினால் உங்களைக் கவனிக்கிறது என்று பொருள். உடனே மெதுவாகப் பின்னோக்கி நகருங்கள். நாலு எட்டு ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல்தான். ஆனால் காதை மடக்கி, தும்பிக்கையைச் சுருட்டி வந்தால் மிரட்டல் அல்ல. குட்டியோடு இருக்கும் கூட்டத்துக்கும் மதம் பிடித்த ஒற்றை ஆணுக்கும் நடுவே வண்டியை நுழைத்துக் கடக்க முயலவே கூடாது. பாதி கூட்டம் சாலையைக் கடந்திருந்தால் மீதியும் கடக்கும்வரை காத்திருங்கள். எதிரெதிரே நின்று இரண்டு வண்டிகள் ஒரு யானைக்கு வழியை அடைத்துவிடுவதே பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம். அப்படித் தெரிந்தால் உங்கள் வண்டியைப் பின்னெடுத்து அதற்கு வழி விடுங்கள்.

அட்டை, உண்ணி?

மழைக்காலத்தில் அட்டை. கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைமேல் வேப்பெண்ணெயோ புகையிலைத் தண்ணீரோ தடவுங்கள். கடித்த அட்டையைப் பிய்க்காமல் உப்போ சுண்ணாம்போ வைத்தால் தானே விழும். இரத்தம் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட ஒன்றுமில்லை. சோப்பால் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

டிசம்பருக்குப் பிறகு காய்ந்த புல்லில் உண்ணி. அட்டையைவிட இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் காய்ச்சல் கொண்டுவரக்கூடியது. புல்லில் உட்காராதீர்கள். இரவு குளிக்கும்போது இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்புகளைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் சாமணத்தால் தோலோரமாகப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள்.

வழியெல்லாம் தேக்காக இருக்கிறதே, இது இயற்கைக் காடா?

வழியோரம் தெரிவதில் பெரும்பகுதி நட்ட தேக்கு. கொச்சி சமஸ்தான காலத்தில் இந்தக் காட்டு மரத்தைக் கொண்டுபோகவே பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை டிராம் பாதை போட்டார்கள். 1907-இல் ஓடத் தொடங்கியது, கடந்த நூற்றாண்டின் நடுவில் நின்றுபோனது. வெட்டிய இடங்களில் தேக்கு நட்டார்கள். வரிசையாக, ஒரே வயதில் நிற்கும் மரங்களைக் கண்டால் அது தோப்பு. இப்போது வெட்டுவதில்லை. தேக்குகளுக்கு அடியில் மூங்கிலும் காட்டு மரங்களும் மெல்ல இடம்பிடித்து வருகின்றன.

இயற்கையாக வளர்ந்த தேக்கு எப்படி இருக்கும் என்று அறிய தூணக்கடவுப் பக்கம் கன்னிமரா தேக்கைப் பாருங்கள். சுற்றளவு சுமார் 7 மீட்டர், உயரம் சுமார் 40 மீட்டர், வயது 450 ஆண்டுக்கு மேல் என மதிப்பிடுகிறார்கள். கைகோத்துக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வேரைச் சுற்றி மண் இறுகுவது பழைய மரத்துக்குக் கேடு.

உள்ளே மக்கள் வாழ்கிறார்களா?

காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய நான்கு பழங்குடியினர் இங்கே ஊர்களில் வாழ்கிறார்கள். அணை கட்ட வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களும் உண்டு, அவர்கள் குடியிருப்பைப் பி.ஏ.பி. காலனி என்றே சொல்கிறார்கள். பழங்குடியினரின் பிழைப்பு தேன், குங்கிலியம், மீன்பிடிப்பு, வனத்துறையில் வழிகாட்டி, தீக்காவல் வேலைகள். உங்களோடு வரும் வழிகாட்டி இவர்களில் ஒருவர்தான். தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதும் வீடுகளையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காமல் இருப்பதும் அடிப்படை மரியாதை. தேன் வாங்குவதானால் வனத்துறைக் கடையில் வாங்குங்கள், பணம் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

அனைவரின் அசல் அடையாள அட்டை, முன்பதிவின் அச்சு நகல். கைபேசிச் சிக்னல் உள்ளே பெரும்பாலும் இருக்காது, பி.எஸ்.என்.எல். மட்டும் சில இடங்களில் எட்டும். ரொக்கப் பணம், ஏனென்றால் ஏ.டி.எம். இல்லை. பெட்ரோலைப் பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ நிரப்பிவிடுங்கள். உதிரி சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரம், வாந்தி வருபவர்களுக்கு மாத்திரை, வழக்கமாக உண்ணும் மருந்து இரண்டு நாளுக்குக் கூடுதலாக. மண் நிற, இலை நிற உடை. வாசனைத் திரவியம் வேண்டாம். டிரோன் கொண்டுவரவே வேண்டாம், சாவடியில் பறிமுதல் ஆகும்.

சாப்பாடு ஆனப்பாடி உணவகத்தில் கிடைக்கும், பரம்பிக்குளத்தில் சிறு தேநீர்க் கடைகள் உண்டு. பொட்டலம் கட்டி வந்தால் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டு, இலையையும் திரும்ப எடுத்து வாருங்கள். குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் அடுத்த வண்டியின் சன்னலுக்குள் அது கையை நீட்டும்.

சேத்துமடை வரை வந்து அனுமதி கிடைக்காவிட்டால்?

டாப்சிலிப் வரை மட்டும் அனுமதி இருக்கலாம், கேளுங்கள். அங்கே தமிழ்நாடு வனத்துறையின் தனிச் சவாரியும் கோழிக்கமுத்தி யானை முகாமும் இருக்கின்றன. அதுவும் மூடியிருந்தால் பரம்பிக்குளத்து நீரைப் பின்தொடரலாம். உடுமலை வழியாகத் திருமூர்த்தி அணைக்குப் போனால் காண்டூர் கால்வாய் வந்து விழும் தேக்கத்தையும், அதற்கு மேலே மழைக்காலத்தில் பஞ்சலிங்க அருவியையும் பார்க்கலாம். ஆழியாறு அணை இன்னும் பக்கம். இரண்டுக்கும் முன்பதிவு தேவையில்லை. அருவிக்கு மட்டும் வெள்ள நாட்களில் தடை விதிப்பார்கள்.